பிள்ளையின் கோபமும் இடியப்ப உரலும்: புலன் விளையாட்டுகளைப் புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

கோபக்காரப் பிள்ளையை அமைதிப்படுத்தும் புலன் விளையாட்டு என்று போனில் தேடினால் முதலில் வருவது நிறம் பூசிய அரிசி, மினுக்குத் தூள் மிதக்கும் போத்தல், விலை கூடிய பிளாஸ்டிக் சாமான்கள். பார்க்க அழகுதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். திருகோணமலையில் ஒரு சாதாரண வீட்டில் கிணற்றடி இருக்கிறது, குசினி இருக்கிறது, பாயும் சாக்கும் இருக்கின்றன, கொஞ்சத் தூரத்தில் கடற்கரையும் இருக்கிறது. தேவையானதில் முக்கால்வாசி இவ்வளவுதான். கீழே சொல்வது ஏறக்குறைய 2 முதல் 8 வயது வரையான பிள்ளைகளுக்கு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பொறுத்துக்கொள்வது, யோசித்துப் பதில் சொல்வது, விரும்பியது கிடைக்காவிட்டால் சமாளிப்பது எல்லாம் மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. அது முழுதாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். நாலு வயதுப் பிள்ளை தரையில் விழுந்து கத்தும் நேரத்தில் அந்தப் பகுதியோடு நியாயம் பேசிப் பயனில்லை. தோல், தசை, மூட்டு வழியாகப் போகும் செய்திகளோ அப்போதும் போய்ச் சேரும். ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று. தசையும் மூட்டும் தரும் அழுத்த உணர்வு ஒன்று. பசி, தாகம், மூத்திரம் முட்டுவது, நெஞ்சு படபடப்பது போன்ற உடம்பின் உள்செய்திகள் மற்றது. அமைதிப்படுத்தும் வேலையில் அதிகம் உதவுவது இந்த மூன்றும்தான்.

புலன் வழியாகப் பிள்ளைகளுக்கு உதவும் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். 1972இல் தன் கருத்துகளை நூலாக்கினார். அதற்குப் பிறகு இதன் பெயரில் நிறைய வியாபாரமும் வளர்ந்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, புலன் சார்ந்த சிகிச்சைகள் எவ்வளவு பலன் தருகின்றன என்பதற்கான ஆய்வுகள் இன்னும் குறைவு, இதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஆகவே யாராவது பெரிய தொகை கேட்டு அற்புதம் நடக்கும் என்றால் கொஞ்சம் பின்வாங்குங்கள். வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்வதற்குச் செலவில்லை. பலன் இல்லாவிட்டாலும் இடியப்பமாவது மிஞ்சும்.

படி 1: ஒரு கிழமை சும்மா பாருங்கள்

ஒரு பழைய கொப்பி எடுங்கள். பிள்ளை கத்திய ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளையின் உடம்பு என்ன செய்தது. காதைப் பொத்தியதா, ஓடியதா, கடித்ததா, மேசைக்குக் கீழே போய் ஒளிந்ததா? ஒரு கிழமை முடியும்போது ஏதாவது ஒழுங்கு தெரியத் தொடங்கும். முன்பள்ளி விட்டு வந்த மதிய நேரம், பொழுதுபட்ட நேரம், சாப்பாடு பிந்திய நேரம் என்று பெரும்பாலும் வரும். பசி, நித்திரைக் குறைவு, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் சரிபாருங்கள். அவை இருக்கும்போது எந்த விளையாட்டும் எடுபடாது.

இரண்டாவது, பிள்ளை எதைத் தேடுகிறது, எதிலிருந்து விலகுகிறது என்று பாருங்கள். கதிரையில் ஏறிக் குதிப்பது, ஆட்களில் போய் மோதுவது, சட்டைக் கழுத்தைச் சப்புவது எல்லாம் தேடுகிற பிள்ளையின் குணம். கிரைண்டர் சத்தத்துக்கு அழுவது, காலில் மணல் ஒட்டினால் துடிப்பது, தலைமயிர் வெட்ட விடாதது விலகுகிற பிள்ளையின் குணம். ஒரே பிள்ளை சத்தத்திலிருந்து விலகி, அழுத்தத்தைத் தேடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரிவந்தது உங்கள் பிள்ளைக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

படி 2: பாரமான வேலையில் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, பிழிவது, அழுத்துவது, சப்புவது ஆகியவை தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் கொடுக்கும். துள்ளித் திரியும் பிள்ளையை அடக்கவும், சோர்ந்து கிடக்கும் பிள்ளையை எழுப்பவும் இரண்டுக்கும் இது உதவுவதால் தொடக்கத்தில் பிழை விட இடம் குறைவு.

குசினியிலிருந்து பார்ப்போம். இடியப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று பிழிந்தவர்களுக்குத் தெரியும். மா கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் கதிரையில் ஏற்றி நிறுத்தி, உங்கள் கைக்கு மேல் அதன் கையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பிட்டு மாவைப் பேணியால் கொத்துவது இன்னும் நல்லது. கொத்துகிற தாளமும் கையில் இறங்கும். ரொட்டி மா பிசையலாம். தேங்காய்ப்பூவைப் பிழிந்து பால் எடுக்கலாம். திருவலையில் மட்டும் சின்னப் பிள்ளையை இருத்த வேண்டாம், அதன் பல்லுக்கு வயது தெரியாது.

முற்றத்தில், பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற அரை வாளி தூக்கிப் போகலாம். உடம்பைச் சரித்துக்கொண்டு, முக்கி முக்கி நடந்தால் பாரம் கூடிவிட்டது, குறையுங்கள். கிணற்றடியில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தோய்த்த துவாயை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவதில் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் வரும். உரப்பையில் தென்னந்தும்போ பழைய துணியோ நிரப்பிக் கட்டிவிட்டால் இழுக்க, தள்ள, குத்த ஒரு மூட்டை தயார்.

கடற்கரைக்குப் போனால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுப்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அத்தனை பேர் ஒரே தாளத்தில் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கயிற்றில் அந்த மூட்டையைக் கட்டி, ஏலேலோ சொல்லி இழுக்கவிட்டால் பிள்ளைக்கு அது பயிற்சி என்றே தெரியாது. ஈர மணலில் குழி தோண்டுவது, நண்டு மாதிரிக் கையும் காலும் ஊன்றி நடப்பது, உப்புமூட்டை தூக்குவது எல்லாம் இந்த வகைதான். கோட்டை வாசலில் இறங்கி கோணேசர் கோயில்வரை ஏற்றத்தில் நடப்பதும் கால்களுக்கு நல்ல வேலை. வெயில் ஏறுமுன் போங்கள். வழியில் நிற்கும் மான்களைத் துரத்தாமல், சத்தம் போடாமல், தூரத்தில் நின்று பார்ப்பதைத் திரும்பி வரும்போது செய்யுங்கள். பாரமான வேலைக்குப் பிறகு வரும் அமைதி அங்கே பொருந்தும். சாப்பாட்டுப் பையை மானுக்கு நீட்ட விடாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும்.

சட்டையைச் சப்பும் பிள்ளைக்கு வாய்க்கு வேலை வேண்டும். 5 வயது தாண்டிய பிள்ளை என்றால் புழுக்கொடியல் கொடுத்துப் பாருங்கள். இருந்து, பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகச் சப்பட்டும். கடையில் வாங்கும் ரப்பர் சப்பியை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை. சின்னவர்களுக்கு ரொட்டித் துண்டு, அல்லது தடித்த பழச்சாற்றை ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது போதும்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். எப்போது? உங்கள் கொப்பி காட்டிய நேரத்துக்கு முன்னால். ஆறு மணிக்கு ரகளை தொடங்குமென்றால் ஐந்தரைக்கு மா பிசையுங்கள். கத்தத் தொடங்கிய பிறகு உரலைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அது பறந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. இதைத் தண்டனையாக்காதீர்கள். தோப்புக்கரணத்தை எடுத்துப் பாருங்கள். காலுக்கும் மூட்டுக்கும் அருமையான வேலை. வகுப்பில் தண்டனையாகப் போட்டுப் போட்டே பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்காமல் செய்துவிட்டோம். "சுவரைத் தள்ளு" என்பதும் அதட்டிச் சொன்னால் அப்படித்தான் ஆகும். நீங்களும் பக்கத்தில் நின்று தள்ளுங்கள்.

படி 3: தொடுகை, பிள்ளையின் வேகத்தில்

கடற்கரை மணல், சிவப்பரிசி, பயறு, மா, தும்பு, சோகி எல்லாம் நல்லவை. ஒரு பேசினில் மணலைப் போட்டு, சோகிகளைப் புதைத்து, கண்ணை மூடித் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கோயில் வாசலில் வாங்கிய கச்சானைக் கோதுடைத்துச் சேர்ப்பது ஒரு மௌனமான, விரலுக்கு வேலையான விளையாட்டு. 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உடைக்கலாம், முழுக்கச்சானைத் தின்ன விடக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். 3 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பயறு, சோகி போன்ற சின்னச் சாமான்களே வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போகும்.

மணலைத் தொடவே மாட்டேன் என்கிற பிள்ளையின் கையைப் பிடித்து மணலுக்குள் அமுக்குவது பலர் செய்யும் வேலை. "பழகிவிடும்" என்பார்கள். பழகுவது மணல் இல்லை, உங்கள் மேல் சந்தேகம். முதலில் சிரட்டையும் கரண்டியும் கொடுத்து அள்ள விடுங்கள். பிறகு மணலைப் பொலித்தீன் பைக்குள் கட்டி வெளியிலிருந்து அமுக்கட்டும். பிறகு ஒரு விரல். பக்கத்தில் துவாயும் ஒரு கோப்பைத் தண்ணீரும் இருந்தால், உடனே கழுவலாம் என்ற தைரியத்தில் தொடும். மெல்லத் தடவுவதை விட உறுதியான அழுத்தம்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிடிக்கும். குளித்த பிறகு ஈரம் துடைக்கும்போது தேய்க்காமல், துவாயால் சுற்றி அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.

பாயில் சுருட்டும் விளையாட்டு பலருக்கும் தெரிந்ததுதான். தலை எப்போதும் வெளியே இருக்க வேண்டும், "விடு" என்றால் அந்தக் கணமே விட வேண்டும், நித்திரைக்கு இப்படிச் சுற்றி விடக் கூடாது. பாரமான போர்வைகள் இப்போது இணையத்தில் விற்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. பெரிய பிள்ளைக்கும் சிகிச்சையாளரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

படி 4: ஊஞ்சலும் மூச்சும்

முன்னும் பின்னும் மெதுவாக ஆடும் ஊஞ்சல் அடக்கும். சுற்றிச் சுழல்வது உசுப்பும். நித்திரைக்கு முன் பிள்ளையைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, ஏன் படுக்கவில்லை என்று அப்பாமார் கேட்பது இதைத் தெரியாமல்தான். ஏணையில் தாலாட்டி வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்தே இருந்தது. மரத்தில் சேலை கட்டி ஆட்டுவதானால் உயரம் குறைவாகவும் கீழே மணலாகவும் இருக்கட்டும், சேலை கழுத்தில் சுற்றாதபடி பக்கத்திலேயே நில்லுங்கள். முகம் வெளிறினால், வியர்த்தால், குமட்டினால் நிறுத்துங்கள். வலிப்பு வந்த பிள்ளை என்றால் சுழலும் விளையாட்டுக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள்.

"மூச்சை இழுத்து விடு" என்று சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். வெளியே விடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது, ஆகவே ஊதுகிற வேலை கொடுங்கள். சவுக்காரத் தண்ணீரில் குமிழி ஊதலாம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம். மேசையில் ஒரு பஞ்சை வைத்து ஸ்ட்ரோவால் ஊதி நகர்த்தலாம். அது போதும்.

படி 5: உடம்பு சொல்வதைக் கேட்கப் பழக்குங்கள்

"கோபமா?" என்று கேட்பதற்கு முன் "நெஞ்சு அடிக்குதா? கை இறுகுதா? வயிறு ஏதோ செய்யுதா?" என்று கேளுங்கள். இதை நல்ல நேரத்தில், ஓடி விளையாடி வந்தவுடன், கையை நெஞ்சில் வைத்துப் பார்க்கச் சொல்லிப் பழக்க வேண்டும். கன்னியாய் வெந்நீரூற்றுக்குப் போகும் நாள் இதற்கு நல்லது. அங்கே ஏழு கிணற்றிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது. முதலில் நீங்கள் கையில் ஊற்றிச் சூடு பாருங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிள்ளையின் கையில் ஊற்றி, எது கூடச் சூடு, எது குறைவு, எது பிடிக்கிறது என்று கேளுங்கள். "எனக்கு இது கூடிப் போச்சு" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, சத்தம் கூடும்போதும் அதைச் சொல்லக்கூடும்.

வீட்டில் ஒரு கடல் படம் கீறி ஒட்டலாம். மே மாதத்துக் கடல், சின்ன அலை, மார்கழிக் கடல் என்று மூன்று நிலை. பிள்ளை இப்போது எதில் இருக்கிறது என்று விரலால் காட்டட்டும். நீங்களும் காட்டுங்கள். "அம்மா இப்ப மார்கழிக் கடல், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று ஒரு தாய் சொல்வதைப் பார்ப்பதே பிள்ளைக்குப் பெரிய பாடம்.

ஊரும் காலமும்

ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். அந்த நாட்களில் கேள்வி கேட்காமல் முதலில் தண்ணீர் கொடுங்கள், நிழலில் பேசின் வைத்து நீர் விளையாட விடுங்கள். சில சென்ரிமீற்றர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கலாம். விட்டு நகர வேண்டாம், முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் கடலும் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவிடும். குழப்படி கூடுவதும் அப்போதுதான். அந்தக் காலத்தில் பாரமான வேலையை ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.

திருவிழா தனி விஷயம். பத்திரகாளி அம்மன் கோயிலோ கோணேசரோ, சனமும் மேளமும் வெடியும் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. போகுமுன் என்ன கேட்கும், என்ன மணக்கும் என்று சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்குத் தூரமாக, வெளியே போக வழி இருக்கும் பக்கமாக நில்லுங்கள். "கூடினால் என் கையை இரண்டு தரம் அழுத்து" என்று ஒரு குறி வையுங்கள். அழுத்தினால் உண்மையிலேயே வெளியே போக வேண்டும். சுவாமி வெளிவீதி வரும் நேரமாக இருந்தாலும்.

கத்தத் தொடங்கிவிட்டால்

இந்த நேரத்தில் கற்பிக்க முடியாது, காப்பாற்றத்தான் முடியும். எறியக்கூடிய சாமான்களை எடுங்கள். நீங்கள் தரையில், பிள்ளைக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருங்கள். உங்கள் மூச்சை முதலில் தணியுங்கள், குரல் தானாக இறங்கும். "நான் இஞ்சதான் இருக்கிறன்" என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்பது வேண்டவே வேண்டாம். அணைக்க விட்டால் தோளை உறுதியாக அழுத்துங்கள், தள்ளினால் தொடாதீர்கள். அடித்தால் கையைத் தடுங்கள், "கோபம் வரலாம், தம்பிக்கு அடிக்கக் கூடாது" என்று ஒரு தரம் சொல்லுங்கள். கத்தியதற்காகப் போனைக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை கத்தல் நீளும். அடங்கியபின் தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, அரை மணிநேரம் கழித்து இரண்டே இரண்டு வசனம்.

அம்மம்மாவோ அப்பம்மாவோ பக்கத்தில் இருந்தால் "இதென்ன புதுக்கதை, நாங்க பிள்ளை வளர்க்கேல்லையா? ரெண்டு போட்டால் சரி" என்று வரும். வாதாடி வெல்ல முடியாது, தேவையும் இல்லை. "அம்மா, நீங்க எங்களை மா இடிக்கவும் தண்ணி அள்ளவும் விட்டீங்கதானே, அதைத்தான் நானும் செய்யிறன், நீங்களே இவனுக்குக் கொத்தக் காட்டுங்கோ" என்று உரலையும் பேணியையும் அவர் கையில் கொடுங்கள். முன்பள்ளி ரீச்சரிடமும் ஒரு வேலை கேட்டு வையுங்கள்: கதிரைகளை அடுக்குவது, தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவது.

எப்போது உதவி கேட்பது

பேசிய சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், தன்னையே அடித்தோ கடித்தோ காயப்படுத்தினால், விரல்விட்டு எண்ணக்கூடிய சாப்பாடு தவிர எதையும் தொடாவிட்டால், முன்பள்ளிக்கே போக முடியாத நிலை வந்தால், வீட்டு விளையாட்டோடு நிற்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பிள்ளைகள் கிளினிக்கிலோ பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு போய்ப் பேசுங்கள், அவர்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளைக்கு யாராலோ தீங்கு நடக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் 1929.

கிளினிக்குக்குப் போகும்போது போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். டொக்டரின் அறைக்குள் பிள்ளை மிக நல்ல பிள்ளையாக இருந்துவிடும்.